மழுங்கிய கத்திகளும் தீட்டுக்கற்களும்

கலப்பையின் கொழு தேய்ந்துபோனால் குடியானவர் அன்றைக்கே அதனைக் கொல்லன் பட்டறைக்கு எடுத்துச் செல்லுகிறார். சமையலறைக் கத்தியோ, மடியில் செருகியிருக்கும் மடக்குக் கத்தியோ மழுங்கினால் அதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. அழுத்தி அழுத்தி அறுத்துப் பல மாதங்கள் கழிப்பர். பின்னர் வேலூருக்குப் போகும் காரியம் நேரிடும்பொழுது லாங் பஜாரில் புதுக் கத்தி ஒன்று வாங்கி வருவர். பழையது பரண்மேல் போய்ச் சேரும். அப்பழைய கத்தியின் இரும்பில் பெரும்பாலும் யாதொரு குற்றமும் இராது. வாய் மட்டுமே மழுங்கியிருக்கும். அரை மணி நேர வேலையில் அதனைப் புதுக் கத்தியினும் கூர்மையாக்கிவிடலாம்.

இது வெறும் சிக்கனத்தைப் பற்றிய விஷயமன்று. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும் கத்தி வழுக்குகிறது. வழுக்கிய கத்தி விரலில் இறங்குகிறது. மாஞ்செடியில் ஒட்டுக் கட்டுவோருக்கும், இறந்த மாட்டின் தோலை உரிப்போருக்கும் மழுங்கிய கத்தியினால் நேரும் நஷ்டம் வேறு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

கடைகளில் இப்பொழுது தீட்டுக் கருவிகள் பலவகையாய் விற்கப்படுகின்றன. அவற்றுள் எது தகுதியானது என்பதே பலரும் கேட்கும் கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு முகம் முரடும் மறுமுகம் மிருதுவுமான தீட்டுக்கல் ஒன்றும், பலகையில் ஒட்டிய தோல் துண்டு ஒன்றும் குடியானவர் வீட்டுக்குப் போதுமானவை. மற்றவை சிலருக்குச் சிற்சில சமயங்களில் அனுகூலமாயிருக்கும். சில, கத்திக்குக் கேடு செய்யும்.

மழுக்கம் என்பது யாது என்று முதலில் அறிதல் வேண்டும். கத்தியின் இரு பக்கங்களும் சாய்ந்து வந்து ஒரு கோட்டில் சந்திக்கின்றன. அந்தக் கோடே வாய். உபயோகத்தில் அக்கோடு தேய்ந்து உருண்டு போகலாம். அல்லது தேயாமல் ஒரு பக்கமாய் மடிந்து போகலாம். கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், கூர்மையான இடத்தில் ஒன்றும் தெரியாது. மழுங்கிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு மினுங்கும். மடிந்த வாயை நிமிர்த்தினால் போதும். உருண்ட வாய்க்கு இரும்பைத் தேய்த்து எடுத்துப் புதுக் கோடு உண்டாக்கவேண்டும். இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அறியாதவரே, நிமிர்த்தினால் போதுமான கத்தியைச் சாணைக்குக் கொடுத்துப் பாதி அலகை இழக்கின்றனர்.

வீட்டு வாசற்படியிலும் அம்மியிலும் தேய்ப்பது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். கருங்கல்லில் இரும்பினும் கடினமான மணிகள் உண்டாதலால் வாய் ஒருவாறு பிடிக்கும். ஆயினும் அம்மணிகள் பல அளவின. கல்லின் முகமும் சமமன்று. ஆகையால் வாய் ரம்பம்போல் பிசிறுபட்டு, இரண்டு நாள் நன்றாய் அறுத்து, மூன்றாம் நாள் பழைய நிலைக்கு வரும். அவசரத்துக்கு அதைவிட நல்லது பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, அதன் அடியிலுள்ள மெருகற்ற வளையத்தில் மெல்ல இழுப்பது.

தெருவில் வரும் சாணைக்காரரைப் பற்றிச் சிறிது விரிவாய்ச் சொல்ல வேண்டும். அவருடைய தொழிலின் வரலாறு நம் நாட்டுக்குப் பெருமை தருவது. பழைய சாணைச் சக்கரம், குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கோடு சேர்த்து வார்த்துச் செய்யப்பட்டது. குருந்தம் வைரத்துக்கு அடுத்தபடியான கடினமுள்ளது. கடினத்தைப் பத்துப் படிகளாய் வகுத்த மோஸ் அளவையில் அதற்கு 9-ம் இடம். பழைய சேலம் ஜில்லாவில் பாப்பாரப்பட்டிப் பக்கத்திலும், சித்தம்பூண்டிப் பக்கத்திலும் அது கிடைக்கும். ஐரோப்பியர் அக்கல்லை நம்மிடமிருந்து அறிந்துகொண்டபோது பெயரையும் நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டனர். கொரண்டம் என்று அவர்கள் சொல்லுவது நம் குருந்தமே. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் என்பவர் மின்சார உலையில் கரியையும் களிமண்ணையும் சூடேற்றியபோது மிகக் கடினமான பளிங்குகள் உண்டாயின. அவை கரியும் குருந்தமும் கூடியவை என்று எண்ணிக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார். உண்மையில் அவை கரியும் சிலிக்கனும் சேர்ந்தவை. எண்ணம் பிழையாயினும் பெயர் நிலைத்துவிட்டது. 1954-ல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி ஏற்பட்டு, சாணைச் சக்கரங்களையும் தீட்டுக்கற்களையும் இந்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. ஆக, தமிழ்ச் சொல் கடல் கடந்து சென்று உருமாறிச் சென்னைக்கே திரும்பி வந்திருக்கிறது.

இனிச் சாணையின் குணதோஷங்களைப் பார்ப்போம். வாய் உடைந்து பல்லுப் பல்லாய்ப் போன கத்தி, கத்தரிக்கோல், கொடுவாள் ஆகியவற்றைச் சாணைக்காரரிடம் கொடுப்பதே சரி. கையால் கல்லில் தேய்த்தால் அரை நாள் செல்லும். ஆனால் சக்கரம் தண்ணீரில்லாமல் சுழலும்போது மெல்லிய வாய் நொடியில் சூடேறும். எஃகு சுமார் 220 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியளவில் நீலநிறமும் கொள்ளும். வாயில் நீலநிறம் படர்ந்ததாயின் அவ்விடத்து எஃகின் பதம் போய்விட்டது. எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர்மை நில்லாது. பதம் போன பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தாலன்றிப் பரிகாரமில்லை. ஆகையால் கத்தியைச் சாணைக்குக் கொடுப்போர் அருகில் நின்று, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை தண்ணீரில் தோய்க்கும்படி கேட்டுக்கொள்ளலாம். காலால் மிதித்துச் சுழற்றும் சாணையில் இந்த அபாயம் குறைவு. மோட்டாரால் சுழலும் சாணையில் அதிகம். மாதந்தோறும் சாணைக்குக் கொடுப்பது எவ்வகையிலும் தகாது. சமையற்கத்தியின் அலகு ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியும்படி ஒடுங்குகிறது.

இரண்டு சிறு கடினத் தகடுகளைக் குறுக்காக வைத்து, அவற்றின் இடுக்கில் கத்தியை இழுக்கும் மலிவான கருவி ஒன்று எங்கும் விற்கிறது. அது தேய்ப்பதில்லை, வாயைச் சுரண்டிக் கிழிக்கிறது. கிழிந்த வாய் அன்றைக்குத் தக்காளியை நன்றாய் அறுக்கும், விரைவில் மழுங்கும். கத்திக்குத் தக்க சாய்வைக் கருவிக்குத் தெரியாது. எல்லாக் கத்திக்கும் ஒரே சாய்வு. விலை மலிவான ஸ்டெயின்லெஸ் கத்தி ஒன்றுக்கு இதனை வைத்துக்கொள்பவரை நாம் தடுக்கவில்லை. நல்ல கத்தியை இதில் இழுக்க வேண்டாம். கத்தியோடு கூட விற்கப்படும் எஃகுக் கோல், மடிந்த வாயை நிமிர்த்த உதவுவது. உருண்ட வாயை அது கூர்மையாக்காது.

கத்தியைப் பிடியில் பூட்டி, கல்லை ஒரு கம்பியில் கோத்து, ஒரே சாய்வில் தேய்க்கும்படி அமைத்த கருவிகளும் உண்டு. மடக்குக் கத்திக்கு அவை பொருத்தமானவை, சாய்வு தவறாது. விலை அதிகம், நீண்ட கத்திக்கு இரண்டு மூன்று முறை பிடியை மாற்றிப் பூட்ட வேண்டும், அரிவாள்மணைக்கு உதவவே மாட்டா. கை நடுக்கமுள்ள முதியோர்க்கு இதனைச் சிபாரிசு செய்யலாம். வைரப்பொடி பதித்த தகடு குழியாது, விரைவில் தேய்க்கும், தண்ணீர் ஒன்றே போதும். வனேடியம் மிகுந்த புதுவகை எஃகினாற் செய்த மடக்குக் கத்திகளுக்கு அதுவே ஏற்றது; ஏனெனில் அவ்வெஃகினுள் குருந்தத்தினும் கடினமான துகள்கள் இருக்கின்றன. கொல்லர் செய்த கத்திக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்திக்கும் அது வேண்டியதில்லை.

கல் வாங்கும்போது நீளம் 200 மில்லிமீட்டரும் அகலம் 50 மில்லிமீட்டரும் இருக்கும்படி பார்த்து வாங்குக. விரலளவுக் கல்லில் பழகாத கை சாய்வு தவறும். குயவரிடம் பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதுபோல் கல்லையும் விரல் நுனியில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்க்கலாம். கணீரென்றால் விரிசல் இல்லை. ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பைக் கல்லின் மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்தால், அடியில் வெளிச்சம் புகாதிருக்கவேண்டும். பொடியின் எண் பெரிதாகுந்தோறும் கல் மிருதுவாகும். மழுங்கிய கத்திக்கு 300 முதல் 400 வரையுள்ள முகமும், முடிப்பதற்கு 800 முதல் 1000 வரையுள்ள முகமும் போதும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. எண்கள் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஜப்பானியக் கல்லின் 1000 என்பது ஐரோப்பிய அளவையில் 500-க்கும் 600-க்கும் இடைப்பட்டது. எண் அச்சிடாத கல்லானால், நகத்தைத் தேய்த்துப் பார்த்து முரட்டு முகம், மிருது முகம் என்று அறிந்துகொள்ளலாம். 3000-க்கு மேற்பட்ட மிருதுக் கற்கள் சவரக் கத்திக்கும் தச்சர் உளிக்கும் உரியவை. தக்காளித் தோலில் பற்றி இறங்குவதற்குச் சமையற்கத்தியின் வாயில் சிறிது சொரசொரப்பு இருப்பதே நல்லது.

எண்ணெயா, தண்ணீரா என்பது பலரும் கேட்பது. இரண்டில் எதுவாயினும் தேய்ந்த இரும்புப்பொடி கல்லின் துவாரங்களை அடைக்காமல் மிதக்கச் செய்வதே அதன் வேலை. தண்ணீரில் சிறிது சோப்புக் கரைத்துக்கொண்டால் போதும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் கூடவே கூடாது. அவை நாளடைவில் சிக்குப் பிடித்துக் கல்லின் முகத்தை மெழுகிவிடும். எண்ணெய் வேண்டுவோர் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை உபயோகிக்கலாம். ஆயின் ஒரு முறை எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது.

இனித் தீட்டும் முறை. ஈரத் துணியை விரித்து, அதன்மேல் கல்லை வைத்தால் நகராது. முரட்டு முகம் மேலிருக்கட்டும். கத்தியை எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பதே இவ்வேலையின் உயிர்நிலை. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு அதன் முதுகைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடித்தால் சாய்வு ஏறக்குறைய 20 டிகிரி. நாலில் ஒரு பங்கானால் 15 டிகிரி. அகலம் 24 மில்லிமீட்டரானால் முதுகு 8 மில்லிமீட்டர் உயர வேண்டும். சில நாணயங்களை அவ்வுயரத்துக்கு அடுக்கிக் கல்லின் ஓரத்தில் வைத்து, முதுகை அதன்மேல் ஒரு முறை சார்த்திப் பார்த்துக்கொண்டால் கைக்குச் சாய்வு பழகிவிடும். காய்கறி நறுக்கும் மெல்லிய கத்திக்கு 15 முதல் 20 வரையும், கயிறும் சணலும் அறுக்கும் மடக்குக் கத்திக்கு 20-ம், விறகும் எலும்பும் வெட்டும் கொடுவாளுக்கு 25 முதல் 30 வரையும் பக்கத்துக்குப் பக்கம் வேண்டும். மெல்லிய சாய்வு நன்றாய் அறுக்கும், ஆனால் எளிதில் மடியும். தடித்த சாய்வு நெடுநாள் நிற்கும், ஆனால் அழுத்தம் கேட்கும். கத்தியின் பழைய சாய்வையே பின்பற்ற விரும்புவோர் வாயோரத்தில் மார்க்கர் மையைப் பூசி இரண்டு முறை கல்லில் இழுத்துப் பார்க்கலாம். மை வாய் வரையில் அழிந்திருந்தால் சாய்வு சரி. மேற்புறம் மட்டும் அழிந்திருந்தால் முதுகை இன்னும் உயர்த்தவேண்டும். வாய்நுனியில் மட்டும் அழிந்திருந்தால் தாழ்த்தவேண்டும்.

வாய் முன்செல்லும்படி, கல்லிலிருந்து மெல்லிய தோலைச் சீவுவதுபோல், அடியிலிருந்து நுனி வரை கத்தியை நகர்த்துக. நுனி வளைவில் கைப்பிடியைச் சிறிது உயர்த்தவேண்டும். இல்லையேல் நுனி தீட்டப்படாமலே நிற்கும். ஒரே பக்கத்தைத் தொடர்ந்து தேய்க்கவும். எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. மறுபக்கத்தில் பிசிறு எழும்பும் வரையில் தேய்க்கவேண்டும், அதுவே கணக்கு. பிசிறு என்பது வாயைத் தாண்டி மறுபுறம் மடிந்து நிற்கும் மயிர்போன்ற இரும்பு. கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கிக் குறுக்காக மெல்ல நழுவவிட்டால் அது தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டுவது ஒருக்காலும் கூடாது. அடியிலிருந்து நுனி வரையில் ஓரிடம் விடாமல் பிசிறு தட்டுப்பட்டால்தான் அப்பக்கம் முடிந்தது. தீட்டியும் கத்தி அறுக்கவில்லை என்று குறை கூறுவோரில் பெரும்பாலோர் பிசிறு எழும்புமுன் நிறுத்தியவர்களே.

பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கத்தையும் அவ்வாறே செய்க. கல்லைப் புரட்டி, மிருது முகத்தில் இரு பக்கங்களையும் பாதி அழுத்தத்தில் தேய்த்து, முரட்டு முகத்தின் கீறல்களைப் போக்கவேண்டும். இறுதியில் பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறி, கத்தியின் சொந்தக் கனம் மட்டும் கல்லில் படும்படி பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தால் பிசிறு பெரும்பாலும் நீங்கும். எஞ்சியதை நீக்குவதற்குத்தான் தோல்.

இந்தத் தோல் விஷயத்தில் வேலூர்ப் பக்கத்தார் பாக்கியசாலிகள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் சாலைகள் பல இருக்கின்றன. கழிவுத் துண்டுகளும் மலிவாய்க் கிடைக்கும். ஆனால் எல்லாத் தோலும் இதற்கு உதவா. செருப்பின் மேற்புறத்துக்காக குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று அமுங்கும். அமுங்கும் தோல் வாயைச் சுற்றி எழும்பி அதனை உருட்டிவிடும். குரோம் முறையைச் சென்னையில் 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சோதித்துப் பரப்புவதற்கு முன்பு, இப்பக்கத்தில் ஆவாரம்பட்டை முதலிய மரப்பட்டைகளே வழங்கின. மரப்பட்டையின் சத்தினால் பதனிட்ட, விறைப்பான, சேணத்துக்கும் செருப்பின் அடிக்கும் உதவும் தோலே கத்திக்கு ஏற்றது. அதில் ஒரு சாண் நீளத் துண்டைச் சமமான பலகையில் ஒட்டி, மெருகேற்றும் பச்சைக் கட்டியைச் சிறிது தடவிக்கொள்ளலாம். கல்லில் வாய் முன்செல்லும்; தோலில் முதுகு முன்செல்ல வேண்டும். மறந்து தள்ளினால் தோல் அறுபடும். பக்கத்துக்குப் பத்து இழுப்புப் போதும். வாரம் ஒரு முறை தோலில் இழுத்து வந்தால் கல்லை மாதக்கணக்கில் தொட வேண்டியிராது.

தீட்டியபின் சோதிப்பது தக்காளியில் செய்யலாம். அழுத்தாமல், கத்தியின் கனத்திலேயே தோல் அறுபடவேண்டும்.

அரிவாள்மணைக்கு முறை சற்று வேறு. அங்கே கத்தி அசையாது, கல்லே அசையவேண்டும். மணையைக் காலால் நன்கு மிதித்துக்கொண்டு, குறுகிய கல்லொன்றை நனைத்து, வளைவைத் தொடர்ந்து கீழிருந்து மேலாக ஒரு பக்கமும், பிறகு மறுபக்கமும் தேய்க்கவேண்டும். கல்லைப் பிடித்த விரல்கள் கல்லின் விளிம்பைத் தாண்டி நீளாதிருக்கட்டும். புளியும் எலுமிச்சையும் பட்ட இரும்பு அன்றே கறுக்குமாதலால் உடனே கழுவித் துடைத்து வைப்பது நலம். கருக்கரிவாளை எக்கல்லிலும் தீட்டக்கூடாது. அதன் பற்களே அதன் கூர்மை. அவை தேய்ந்தால் கொல்லர்தான் மறுபடி கருக்கு வெட்டித் தரவேண்டும்.

ஒட்டுக் கத்திகளிற் பல ஒரு பக்கம் மட்டும் சாய்வுள்ளவை. சாய்ந்த பக்கத்தைக் கல்லில் தேய்த்துப் பிசிறு எழுப்பியபின், மறுபக்கத்தைத் தூக்காமல் கல்லின்மேல் தட்டையாக வைத்து இரண்டு முறை இழுத்தால் போதும். தூக்கி இழுத்தால் வெட்டு வளைந்துபோகும். தாய்ச்செடியின் வெட்டும் ஒட்டுக்கொம்பின் வெட்டும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் பட்டைக்கடியிலுள்ள வளரும் படலங்கள் ஒன்றோடொன்று கூடும். மழுங்கிய கத்தி அப்படலத்தை நசுக்குகிறது. ஒட்டு வாடிவிட்டால் குடியானவர் வெயிலையும் நாற்றுப் பண்ணையையும் குறை கூறுவர். குற்றம் கத்தியில் இருந்திருக்கலாம். ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்குப் போகுமுன் கத்தியை ஸ்பிரிட்டில் துடைப்பதும் அவசியம்.

தோலுரிக்கும் கத்தியைப் பற்றி மாடு வைத்திருப்போர் கட்டாயம் அறிதல் வேண்டும். இறந்த மாட்டின் தோலுக்கு விலை உண்டு. அவ்விலையைக் குறைப்பவற்றுள் கத்தி வெட்டு முக்கியமானது. சதைப்புறத்தில் பாதியளவு இறங்கிய வெட்டு பச்சைத் தோலில் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பதனிட்டு, சீவி மெல்லியதாக்கும்போது அது கீறலாய், சில சமயம் ஓட்டையாய் வெளிப்படும். முதுகுப் பகுதியே தோலின் சிறந்த பாகம்; அங்கே விழும் வெட்டே அதிக நஷ்டம். வாங்குவோர் அந்நஷ்டத்தை முன்கூட்டியே எண்ணி, அவ்வூர்த் தோலுக்கெல்லாம் விலையைக் குறைப்பர். இதனால் தொழிலாளியின் கூலியும் குறைகிறது. மாட்டுக்குடையவருக்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நீண்ட கூர்நுனிக் கத்தியால் மழுங்க மழுங்க உரிப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். வயிற்றுக் கோட்டையும் கால்களையும் கீறுவதற்கு மட்டும் கத்தி வேண்டும். பக்கங்களிலும் முதுகிலும் கைமுட்டியால் தள்ளியே தோலைப் பிரிக்கலாம். பிரியாத இடத்தில் குட்டையான, வயிறு வளைந்த, நுனி உருண்ட கத்தியை, வாய் சதையை நோக்கியிருக்கும்படி உபயோகிக்கவேண்டும். இக்கத்தியை 20 டிகிரியில் தீட்டித் தோலில் பிசிறு நீக்கி, வேலையின் நடுவிலும் இரண்டொரு முறை தோலில் இழுத்துக்கொள்வது நலம். பிசிறுள்ள வாய் பற்றி இழுத்துத் திடீரென இறங்கும்.

இத்தொழில் நடக்கும் கிராமங்களில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் நல்ல கல் ஒன்றும், பலகையில் ஒட்டிய தோல் ஒன்றும் பொதுவில் வைத்திருக்கக் கிராம அதிகாரிகள் யோசனை சொல்லலாம். செலவு அற்பம். பொதுக்கல் விரைவில் நடுவில் குழிந்துவிடும் என்பதொன்றே தடை. குழிந்த கல்லில் கத்தியின் சாய்வு நில்லாது. அதற்குக் கடப்பைக்கல் பலகையொன்றின் சமமான முகத்தில் சன்னமான மணலைத் தூவித் தண்ணீர் தெளித்து, தீட்டுக்கல்லைக் கவிழ்த்து வட்டமாய்த் தேய்க்கவேண்டும். தேய்க்குமுன் பென்சிலால் கல்லின்மேல் கட்டங்கள் வரைந்துகொண்டால், நடுக்கட்டத்தின் கோடும் அழிந்தபோது கல் சமமாயிற்று என்று அறியலாம்.